உப்பு ஏறும் மாதம்

நீந்தப் போடும் காக்கி நிக்கரைச் சுப்புராஜ் சனிக்கிழமை மாலை தேடினான். இரும்பு அலமாரியில் இல்லை. கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியிலும் இல்லை. சமையலறைக்கு வந்தான். கற்பகம் சோற்றுப்பானையை வடிக்கத் தூக்கிக்கொண்டிருந்தாள். பானையைப் பிடித்திருந்த துணி காக்கியாக இருந்தது. அதன் ஓரத்தில், அவன் நாடா கோத்த துளை தெரிந்தது.

அவள் வடித்து முடிக்கும்வரை நின்றான்.

“இன்னொரு காலு எங்க?” என்று கேட்டான்.

“ஸ்டவ்வு துடைக்க வச்சிருக்கேன். வெட்டி வருஷமாச்சு. இப்பத்தான் கண்ணுல பட்டுதாக்கும்.”

நாளை ஷாஜி வருவான் என்றான். வரட்டும், சாயா போட்டுக் கொடுக்கிறேன் என்றாள். இடக்கொச்சிக்குப் போகவேண்டும் என்றான். கற்பகம் துணியை உதறி மடித்து ஸ்டவ்வின் பக்கத்தில் வைத்தாள்.

“டாக்டர் சொன்னது மறந்து போச்சோ?”

“டாக்டர் பறஞ்சதுனாலதான் போறேன்.”

கொச்சியில், மட்டாஞ்சேரிப் பக்கம் கொச்சங்காடியில் கிடங்குகளுக்குப் பின்னால் கார்ப்பரேஷன் குடும்பங்கள் இருக்கும் வரிசை வீடுகளில் அவர்களுடையது கடைசி. சுவருக்கு அந்தப் பக்கம் சுக்குக் கிடங்கு. வீட்டில் எதைப் பொரித்தாலும் சுக்கின் வாசம் முந்திக்கொள்ளும். சுப்புராஜின் தாத்தா திருநெல்வேலிப் பக்கமிருந்து நகரசபை வேலைக்கு வந்தவர். அப்பாவும் அந்த வேலைதான். சுப்புராஜ் மட்டாஞ்சேரியில் பிறந்து மட்டாஞ்சேரியில் படித்தவன். தமிழ் பேசுவான். படிப்பது மலையாளத்தில்.

கற்பகம் சங்கரன்கோவிலுக்குத் தெற்கே ஒரு கரிசல் ஊர்க்காரி. குளம் பெருகினால் ஊரே கூடிப்போய்ப் பார்க்கும். கல்யாணமாகி வந்த மறுவாரம் பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று, “வெள்ளம் வந்நு, வெள்ளம் வந்நு” என்று கத்தினாள். கற்பகம் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினாள். கீழே பார்த்தால் பெண்கள் குடத்தோடு குழாயடிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அங்கே தண்ணீருக்குத்தான் வெள்ளம் என்று பேர். மகள் ஸ்நேஹா இப்போது கல்லூரிக்குப் போகிறாள். குழாயில் தண்ணீர் வரும் நாளில், பெட்டி எடுத்தாயா என்று இன்னும் யாராவது கற்பகத்தைக் கேட்கிறார்கள்.

சுப்புராஜுக்குத் தோட்டு வேலை. தோடு என்றால் ஊருக்குள் ஓடும் கால்வாய். மழைக்கு முன்பும் மழை நடுவிலும் நெஞ்சளவு கறுப்புத் தண்ணீரில் இறங்கிச் சேற்றையும் பாட்டில்களையும் அள்ளிக் கரையில் போடவேண்டும். அள்ளியது நான்கு நாளில் திரும்ப வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை அவன் காயலுக்கு, கடலோடு சேரும் பெரிய நீர்ப்பரப்புக்கு, போவான். பள்ளித் தோழன் ஷாஜிக்கு இடக்கொச்சிக் கடவில், படகுத்துறையில், ஒரு சிறிய வஞ்சி உண்டு. மற்ற நாட்களில் ஆட்டோ ஓட்டுகிறவன். சுப்புராஜ் கும்பளம் கரைவரை நீந்திப்போய்த் திரும்புவான். ஷாஜி பக்கத்தில் வஞ்சியில் துடுப்புப் போட்டுக்கொண்டே வருவான். ஒருமுறை பெரும்பளம் தீவில் தொடங்கி அரூர் பாலம்வரை வந்தான். நீரோட்டம் எதிர்த்தபோது இரண்டு மணி நேரம் ஒரே தென்னைமரத்தைப் பார்த்துக்கொண்டு நீந்தியதாக ஷாஜி எல்லோரிடமும் சொன்னான். அதற்குப் பரிசு கிடையாது. கரையில் பார்ப்பதற்கும் ஆள் கிடையாது.

அது எதற்கு என்று கற்பகம் ஒருமுறை கேட்டிருக்கிறாள். தோட்டில் நிற்பது வேலைத் தண்ணி, காயல் என் தண்ணி என்று அவன் சொன்னான். தண்ணியில் என்ன உன் தண்ணி என் தண்ணி என்று அவள் சிரித்தாள்.

போன வருடத்துக்கு முந்தின வருடம், ஆடி மாதக் கர்க்கடக மழையில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. குதிகாலில் கண்ணாடி கிழித்த காயம் ஆறாமல் இருந்தது. தோட்டில் இறங்குகிறவர்களுக்கு வாரம் ஒன்றாகக் கொடுக்கும் மாத்திரை வயிற்றை எரித்ததால் அவன் அதை விழுங்காமல் விட்டிருந்தான். கெண்டைக்கால் இரண்டும் கட்டையாக வலித்தன. அதற்கு முந்தின ஞாயிறு, மழையிலேயே, காயலில் நீந்தியிருந்தான். நீந்திய வலி என்று கற்பகம் நினைத்தாள். இரண்டு நாள் நல்லெண்ணெய் போட்டுத் தேய்த்தாள். மூன்றாம் நாள் கண் சிவந்து மஞ்சளானது. சிறுநீர் நின்றது.

எலிப்பனி என்றார்கள். எலியின் மூத்திரம் கலந்த தண்ணீரிலிருந்து காயத்தின் வழியாக ஏறும் நோய். எரணாகுளத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் கழுத்தில் குழாய் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். மூச்சுக்கு மிஷின் வைத்தார்கள். எந்தத் தண்ணீரிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. தோடாக இருக்கும் என்றார்கள். மழைக்காலத்தில் காயலும் தோட்டுத் தண்ணீர்தானே என்று கற்பகம் கேட்டாள். அதுவும் உண்மைதான் என்றார்கள்.

அவன் பிழைத்தான். ஓணத்துக்கு வீட்டுக்கு வந்தான். கழுத்தில் தழும்பு நின்றது. கண்ணாடியில் பார்த்தபோது அப்பாவைப் போல் இருப்பதாகச் சொன்னான். கட்டிலிலிருந்து வாசலுக்கு நடந்தான், பிறகு வாசலிலிருந்து குழாயடிக்கு. கார்ப்பரேஷனில் தோட்டு வேலையிலிருந்து எடுத்து, சுள்ளிக்கலில் ஓர் அலுவலகத்தின் முன்னால் இலை கூட்டும் வேலை கொடுத்தார்கள். இரண்டு மாமரங்களும் ஒரு வாதாமரமும் உதிர்ப்பதைக் கூட்டி அள்ளவேண்டும். நல்ல நிழல்.

இந்த வருட மழைக்கு முன்னால் கடைசிப் பரிசோதனைக்குப் போனபோதுதான் அந்தப் பேச்சு வந்தது. டாக்டர் இளவயதுக்காரர். ரத்தம் பார்த்த காகிதங்களைப் புரட்டினார். அவனை நிமிர்ந்து பார்த்தார். “இனி விஸ்ரமம் மதி” என்றார். அடுத்த ஆளுக்கு மணி அடித்தார்.

விஸ்ரமம் என்றால் ஓய்வு. மதி என்பது நம்முடைய போதும் மாதிரி. இது இருந்தால் போதும் என்றும் வைத்துக்கொள்ளலாம், போதும் நிறுத்து என்றும் வைத்துக்கொள்ளலாம். இருவரும் தலையாட்டிவிட்டு வெளியே வந்தார்கள். இருவருக்கும் சந்தோஷம். சுப்புராஜ் பரோட்டா வாங்கிக் கொடுத்தான். மட்டாஞ்சேரிக்குத் திரும்பும் போட்டில், மழை விட்டதும் காயலுக்குப் போகலாம் என்று சொன்னான். கற்பகம் அதை விளையாட்டு என்று நினைத்தாள். போட் ஜெட்டியை அணைவதற்குள் அது விளையாட்டு இல்லை என்று தெரிந்துவிட்டது. மருந்து வேண்டாம், இனி ஓய்வு இருந்தால் போதும் என்று டாக்டர் சொன்னதாக அவள் சொன்னாள். ஓய்வெடுத்தது போதும் என்று சொன்னதாக அவன் சொன்னான். அதன்பிறகு அந்த டாக்டர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார். ஸ்நேஹா ஒரு நாள் ஓ.பி.யில் வேறு டாக்டரிடம் கேட்டாள். ரத்தம் நன்றாக இருக்கிறது, தோட்டில் இறங்க விடாதீர்கள் என்றார். காயலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிறு காலை ஷாஜி வந்தான். நாற்காலியில் உட்கார்ந்து சாயாவை ஊதிக்கொண்டே, ஐப்பசியில் வரும் துலாமழை இந்த வருடம் நீண்டுவிட்டது, காயல் முழுக்கப் போளை அடைத்துக் கிடக்கிறது என்றான். ஆகாயத்தாமரைக்கு அங்கே போளை என்று பேர். போளை நிற்கும் இடத்தை விட்டுத் தெற்கே போய் இறங்கலாம் என்றான். கற்பகம் அவித்த கப்பையை, மரவள்ளிக்கிழங்கை, தட்டில் வைத்து அவன் முன்னால் வைத்தாள். தொட்டுக்கொள்ள அரைக்கும் மிளகாய்ச் சம்மந்தியை வைக்கவில்லை. ஷாஜி அதைக் கவனித்தான்.

“சேச்சி பிணங்கியிருக்கா. சம்மந்தி இல்லா.”

“ஒங்க கூட்டாளிக்கு டாக்டர் ஓய்வு எடுக்கச் சொன்னாரு. நீங்க வஞ்சியக் கொண்டாந்து நிக்கிய.”

மறுபடி அந்த ‘விஸ்ரமம் மதி’ பேச்சு வந்தது. ஸ்நேஹா துணி மடித்துக்கொண்டிருந்தாள். திருப்பூணித்துறையில் மலையாளம் பி.ஏ. இரண்டாம் வருடம். டாக்டர் எப்படிச் சொன்னாரோ அதே மாதிரி இரண்டு பேரும் சொல்லிக்காட்டச் சொன்னாள்.

சுப்புராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தான். இல்லாத காகிதத்தைத் தள்ளிவைத்தான். பஸ்ஸை நிறுத்துவதுபோல் கையைத் தூக்கி, “இனி விஸ்ரமம் மதி” என்றான்.

கற்பகம் கையைத் துடைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். எழுதுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டாள். “இனி… விஸ்ரமம் மதி” என்றாள். பிள்ளையைத் தட்டிக்கொடுப்பதுபோல் இருந்தது.

“சேச்சி டாக்டரானா ஞான் நாளெத்தன்னெ அட்மிட்டாவும்” என்றான் ஷாஜி.

எது சரி என்று இருவரும் மகளைப் பார்த்தார்கள்.

“ரெண்டும் செரியா. மலையாளத்துல அது அப்படித்தான்.”

“இதச் சொல்லதுக்கா மூணு வருஷம் படிக்கே?” என்றாள் கற்பகம்.

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபிறகு சுப்புராஜ் சாயாக் கிளாஸைப் பார்த்துக்கொண்டு பேசினான். சத்தம் போடவில்லை.

“கற்பகம், நான் நெழல்ல நிக்கேன். எல பெறக்கறேன். பாக்குற ஆளெல்லாம் சுகமாச்சல்லே, சுகமாச்சல்லேன்னு கேக்குது. ஆமான்னு சொல்றேன். எனக்கு மட்டும் அது தெரியல. காயல்ல எறங்குனாத்தான் தெரியும்.”

கற்பகம் எழுந்து உள்ளே போனாள். கட்டிலை இழுக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து ஆஸ்பத்திரி பேர் போட்ட ஒரு பிளாஸ்டிக் கவரைக் கப்பைத் தட்டின் பக்கத்தில் வைத்தாள். சுப்புராஜ் அதைத் திறந்தான். ஒரு சட்டை, நின்றுபோன வாட்ச், கறுப்பு அரைஞாண் கயிறு. கயிறு கத்தரியால் வெட்டப்பட்டிருந்தது. முடிச்சு அப்படியே இருந்தது.

“மிஷின்ல வைக்கதுக்கு முன்னால ஒரு நர்ஸ் பிள்ள வந்து என் கையில குடுத்துட்டுப் போச்சு. ஒண்ணும் சொல்லல. அரைஞாண எப்ப அறுப்பாகன்னு ஒங்களுக்குத் தெரியுமில்ல? சாயங்காலம் வரைக்கும் நான் இத மடியில வச்சிக்கிட்டு வராந்தாவுல உக்காந்திருந்தேன். யாருகிட்டயும் கேக்கல. கேட்டா சொல்லிருவாகன்னு கேக்கல.”

சுப்புராஜ் கயிற்றைக் கையில் எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்த அன்று அவள் அவனுக்குப் புதுக்கயிறு கட்டிவிட்டது அவனுக்கு நினைவிருந்தது. பழையது எங்கே என்று அவன் கேட்டதில்லை. ஷாஜி கிளாஸைக் கீழே வைத்தான். சாயா பாதி இருந்தது. பிறகு பார்ப்போம் ராஜே என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

கற்பகத்துக்குச் சுக்குக் கிடங்கில் வேலை. பெண்கள் சணல் சாக்கின்மேல் வட்டமாக உட்கார்ந்து சுக்கைப் புடைப்பார்கள். பூச்சி அரித்ததைத் தனியாக எறிவார்கள், நீண்ட விரல் உள்ளதைத் தனியாகப் போடுவார்கள். தூசி தொண்டையில் ஏறும். வாயில் துணி கட்டிக்கொண்டே பேசுவார்கள். அந்த வாரம் அவள் பேசவில்லை. பக்கத்திலிருந்த பெண், வீட்டில் சண்டையா என்று கேட்டாள். சண்டை போட்டால்தான் பரவாயில்லையே என்றாள் கற்பகம். சுப்புராஜ் அந்தப் பேச்சை அத்தோடு விட்டிருந்தான். சாப்பிட்டான், வேலைக்குப் போனான், வந்தான். மாலையில் தோப்பும்படிப் பாலம்வரை நடந்துபோய் நின்றுவிட்டு வருகிறான் என்று ஸ்நேஹா சொன்னாள். பாலத்தின்மேல் என்ன செய்கிறார் என்று கற்பகம் கேட்டாள். ஒன்றும் செய்யவில்லை, தண்ணீரைப் பார்க்கிறார் என்றாள் ஸ்நேஹா.

வெள்ளிக்கிழமை கிடங்கில் உணவு வேளைக்கு விட்டபோது கற்பகம் சுகாதார நர்ஸ் மஞ்சுஷாவைத் தேடிப் போனாள். தோட்டு வேலைக்காரர்களுக்கு மாத்திரை கொண்டுவருகிறவள் அவள்தான். சுப்புராஜ் மாத்திரையை விழுங்காமல் விட்டதற்கு ஆஸ்பத்திரிக்கே வந்து திட்டியவள். கற்பகம் நேராகக் கேட்டாள். அந்தக் கிருமி காயலில் இருக்குமா, இருக்காதா?

மழைக்காலத்தில் இருக்கலாம் என்றாள் மஞ்சுஷா. நல்ல தண்ணீரிலும் சேற்றிலும் அது நிற்கும். கோடையில் கடல் ஏறிக் காயல் ஓருவெள்ளமாகும், அதாவது உப்புக் கலந்துவிடும். உப்பு அதற்குப் பிடிக்காது, ஆனாலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

“உப்பு கேறியா அதுக்கு அதிகம் நிக்கான் பற்றுல்ல சேச்சி. எந்நாலும் ஞான் ஒறப்பு பறயூல்ல. மேல கீறலோ முறிவோ இருந்தா எறங்கண்டா. வெள்ளம் குடிக்கண்டா.”

“எம்புட்டு உப்பு வேணும்?”

மஞ்சுஷா சிரித்தாள். “அது எங்ஙனெ பறயும்? கறிக்கு எத்ர உப்புன்னு சேச்சிக்கு ஆரெங்கிலும் அளந்நு தந்நோ?”

கற்பகம் கிடங்குக்குத் திரும்பி வந்து சாக்கில் உட்கார்ந்தாள். வாய்த்துணியைக் கட்டுவதற்கு முன்னால் பக்கத்துப் பெண்ணிடம், கடல் எந்த மாதம் ஏறும் என்று கேட்டாள். தனு பாதியில் தொடங்கும், மகரத்தில் நன்றாக ஏறிவிடும் என்று அவள் சொன்னாள். அந்தப் பெண்ணின் வீட்டுக்காரர் இறால் பிடிக்கிறவர். மார்கழி, தை என்று கற்பகம் எண்ணிக்கொண்டாள்.

அன்று மாலை சுப்புராஜ் பாலத்துக்குக் கிளம்பியபோது கற்பகம் வாசலில் நின்றுகொண்டாள். ஞாயிற்றுக்கிழமை இடக்கொச்சிக்குப் போகலாம், நானும் வருவேன் என்றாள். கால், கை, நகக்கண் எல்லாம் நான் பார்ப்பேன். கீறல் இருந்தால் கிடையாது. தண்ணீரில் உப்பு இருந்தால் இறங்கலாம், இல்லையென்றால் கிடையாது.

“உப்பு ஆரு பாக்கும்?”

“நான் பாக்கேன்.”

அவன் பாலத்துக்குப் போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.

முதல் ஞாயிறு காயலில் தண்ணீரே தெரியவில்லை. கடவிலிருந்து வெகுதூரம்வரை போளை பச்சையாக விரிந்து கிடந்தது. ஷாஜி வஞ்சியால் இடித்து ஒரு வழி எடுத்திருந்தான். கற்பகம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள். கொச்சிக்கு வந்து இத்தனை வருடத்தில் அவள் போட்டில் போயிருக்கிறாள், காயலில் கை வைத்ததில்லை. கடைசிப் படி பாசியாக இருந்தது. குந்தினாள். இரண்டு விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். சுவரைப் பார்ப்பதுபோல் எதிரே பார்த்தாள். துப்பினாள்.

“பத்தாது” என்றாள்.

கிருமி இருக்கிறதா என்று பார்க்க வந்து அதையே வாயில் வைக்கிறாயே என்று ஸ்நேஹா கோபப்பட்டாள். நான்தானே துப்புகிறேன் என்றாள் கற்பகம். சுப்புராஜ் சட்டையைக் கழற்றியிருந்தான். மறுபடி மாட்டிக்கொண்டு பொத்தானைப் போட்டான்.

“ராஜே, டிக்கெட் கிட்டியில்லா” என்றான் ஷாஜி.

கற்பகம் புளிச்சோறும் பொரித்த முட்டையும் கொண்டுவந்திருந்தாள். கடவின் மேலே பூவரசு நிழலில் உட்கார்ந்து நான்கு பேரும் சாப்பிட்டார்கள். சுப்புராஜ் தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டான். கற்பகம் அவனைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அடுத்த ஞாயிறுக்கு முந்தின இரண்டு நாளும் மழை. அப்படியும் வந்தார்கள். நாக்கில் வைத்தவுடன் துப்பிவிட்டாள். அதற்கடுத்த ஞாயிறு கடவுக்கு வரும் வழியெல்லாம் வீடுகளில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கியது. போளையின் ஓரம் பழுப்பாக மாறியிருந்தது. கஞ்சித்தண்ணி மாதிரி இருக்கிறது என்றாள். கஞ்சியிலும் உப்பு உண்டல்லவா என்று சுப்புராஜ் கேட்டான். நோயாளிக் கஞ்சி என்றாள். ஷாஜி வஞ்சியில் நின்றுகொண்டு, “ஒரு சாக்கு உப்பு தட்டட்டா சேச்சி?” என்றான். கற்பகத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று ஷாஜிக்கு இரண்டு முட்டை வைத்தாள்.

அந்த வாரங்களில் சுப்புராஜ் தயாரானான். விடிகாலையில் குடத்தைத் தலைக்குமேல் தூக்கி இறக்கினான். கட்டிலில் குப்புறப்படுத்து, தலையை வெளியே நீட்டி, மூச்சைப் பிடித்துக் கையை மட்டும் வீசிப் பார்த்தான். தாத்தா காலத்துக் கட்டில் கிறீச்சிட்டது. பக்கத்து வீட்டுக்காரி கற்பகத்திடம் என்ன சத்தம் என்று கேட்டாள். நீச்சல் என்றாள் கற்பகம். அந்தப் பெண் நம்பவில்லை.

ஒரு மாலை கற்பகம் அவனுடைய பழைய யூனிபாரம் பேன்ட்டை எடுத்து முழங்காலுக்குமேல் வெட்டினாள். வெட்டிய விளிம்பை மடித்துப் பக்கத்து வீட்டு மிஷினில் அடித்தாள். இடுப்பில் துளை போட்டு நாடா கோத்தாள். அதை அவனிடம் சொல்லவில்லை. சாப்பாட்டுப் பையின் அடியில் வைத்துக்கொண்டாள்.

மகரத்தில் வெயில் வெளுத்தது. ஞாயிறு அவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே நாற்றம் வந்தது. போளை செத்துக்கொண்டிருந்தது. கறுத்த தண்டுகள் கரையோரம் ஒதுங்கிக் கிடந்தன. அதைத் தாண்டிக் காயல் திறந்திருந்தது. நடுவில் வலை கட்டுவதற்காக நட்ட தென்னங்குற்றிகள் வரிசையாகத் தெரிந்தன. ஒவ்வொன்றின்மேலும் ஒரு நீர்க்காகம். அதற்கு அப்பால் கும்பளம் கரை. ஏற்றம் தொடங்கிவிட்டது என்று ஷாஜி சொன்னான். கடலிலிருந்து தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது.

கற்பகம் சுப்புராஜைக் கடவின் சுவரில் உட்கார வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தாள். குதிகாலைப் பெருவிரலால் அமுக்கினாள். விரல் இடுக்குகளை விரித்தாள். ஷாஜி முகத்தைத் திருப்பிக்கொண்டான். இரண்டு கையையும் பார்த்தாள், முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள். எழுந்து படி இறங்கினாள். இந்த முறை மகளின் கையைப் பிடிக்கவில்லை.

விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். நாக்கை அண்ணத்தில் ஒட்டிப் பார்த்தாள். துப்பவில்லை. மறுபடி நனைத்தாள். மறுபடி வைத்தாள். மேல்படியில் நின்ற சுப்புராஜ் தன் கழுத்துத் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தான்.

“உப்பு மதி” என்றாள் கற்பகம்.

அவள் எப்போதும் போதும் என்றுதான் சொல்வாள். ஸ்நேஹா அம்மாவைப் பார்த்தாள்.

கற்பகம் பையிலிருந்து நிக்கரை எடுத்து நீட்டினாள். சுப்புராஜ் அதை விரித்தான். நாடாவை இழுத்துப் பார்த்தான். பூவரசின் பின்னால் போய் மாற்றிக்கொண்டு வந்தான். இடுப்பில் கறுப்புக் கயிறு, நிக்கருக்குமேல் ஒரு விரல் தெரிந்தது. கால்கள் மெலிந்திருந்தன. வெயிலில் அவை வேறு யாருடைய கால்களோ மாதிரி இருந்தன.

“அந்தக் குத்தி வரைக்கும். அதுக்கு அங்கிட்டுப் போவேண்டாம்” என்றாள்.

அவன் நாடாவை இறுக்கினான். படி இறங்கி, முழங்கால்வரை நின்று, முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டான். பிறகு இடுப்புவரை. பிறகு படியிலிருந்து காலை எடுத்தான். தலை உள்ளே போயிற்று. கொஞ்சம் தள்ளி வெளியே வந்தது.

முதலில் கை தாறுமாறாக விழுந்தது. நின்று மூச்சு வாங்கினான். ஷாஜி வஞ்சியைப் பக்கத்தில் கொண்டுவந்தான். அவன் வஞ்சியைத் தொடவில்லை. மறுபடி தொடங்கினான். இப்போது வலது கை, இடது கை என்று ஓர் ஒழுங்கு வந்தது. ஏற்றம் அவனை ஒரு பக்கமாகத் தள்ளியது. அவன் அதற்கு எதிராகத் தலையைச் சாய்த்துக்கொண்டு போனான். செத்த போளை ஒன்று அவன் தோளில் ஒட்டி, பிறகு விலகியது.

கரையில் வெயில் ஏறியது. கற்பகம் கடைசிப் படிக்கு மேல்படியில் உட்கார்ந்திருந்தாள். வாயில் உப்பு இருந்தது. ஸ்நேஹா தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். வேண்டாம் என்று தலையசைத்தாள். கொப்பளித்துத் துப்பும்படி மகள் சொன்னாள்.

“அவுக வரட்டும்.”

அவன் குற்றியை அடைந்தான். நீர்க்காகம் எழுந்து அடுத்த குற்றிக்குப் போயிற்று. ஒரு கையால் குற்றியைக் கட்டிக்கொண்டு அதில் தொங்கினான். வஞ்சி பக்கத்தில் நின்றது. ஷாஜி ஏதோ சொல்வதுபோல் இருந்தது. அங்கிருந்து கரைக்குச் சத்தம் எட்டவில்லை. சுப்புராஜின் பின்னந்தலை மட்டும் தெரிந்தது, ஒரு கறுப்புப் புள்ளியாக. அது கும்பளம் கரையைப் பார்த்திருந்தது. முன்பெல்லாம் இந்தக் குற்றிகளை எண்ணாமல் தாண்டிப் போவான்.

ஸ்நேஹா எழுந்து நின்றாள். கற்பகம் எழவில்லை. அவள் கை படியின் விளிம்பைப் பிடித்திருந்தது. அவன் குற்றியை விட்டான். தண்ணீரில் நின்றபடி கையை அகல வீசினான், எந்தப் பக்கம் போகிறான் என்று தெரியாதபடிக்கு. ஓர் அலை அவனை மறைத்தது.

அலை இறங்கியது. தலை திரும்பியிருந்தது. கறுப்புப் புள்ளி இருந்த இடத்தில் முகம் தெரிந்தது.

கற்பகம் பாட்டிலை வாங்கி, வாய் நிறையத் தண்ணீர் எடுத்துக் கொப்பளித்து, காயலில் துப்பினாள்.